பெட்டிமேல் ஒரு முத்திரை



சயானிலிருந்து தாராவிக்குச் செல்லும் வழியில், பட்டறைகளின் வாயிலில் உடைத்து அடுக்கிய மரப்பெட்டிப் பலகைகளைக் கண்டிருப்பீர்கள். வெளிநாட்டு இயந்திரங்களைச் சுமந்து நவசேவாத் துறைமுகத்தில் வந்திறங்கும் பெட்டிகளை உற்று நோக்கினால், கதிர் போன்ற ஒரு சின்னமும் அதன் அருகே 'எச்.டி.' என்னும் எழுத்துகளும் பதிந்திருக்கக் காணலாம். அம்முத்திரை எதற்காக? அதனை அறிய நாம் ஜப்பானுக்குச் செல்ல வேண்டும்.

காய்ந்த காடுகள்

1905ஆம் ஆண்டளவில் நாகசாகிப் பகுதியில் பைன் மரங்கள் காரணம் தெரியாமல் காயத் தொடங்கின. கோடையில் பச்சையாக நின்ற மரம் சில மாதங்களில் செந்நிறமாகி மடிந்தது. பட்ட மரங்களில் வண்டுகள் துளையிட்டிருந்தமையால், வண்டுகளே மரத்தைக் கொல்கின்றன என்று பலரும் கருதினர். 1971இல் கியோஹாரா, டோகுஷிகே என்னும் ஆய்வாளர் இருவர், நூற்புழுக்களை நலமான பைன் மரங்களுக்குள் செலுத்திப் பார்த்தனர். அம்மரங்களும் வாடி மடிந்தன. உண்மைப் பகைவன், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள அப்புழு என்பது புலனாயிற்று.

மரத்திற்குள் நிகழ்வது

வண்டு இளங்கிளையின் பட்டையைக் கடித்துத் தின்னும்போது, அதன் மூச்சுக்குழல்களில் தங்கியிருந்த புழுக்கள் வெளியேறிக் காயத்தின் வழியே மரத்திற்குள் நுழைகின்றன. அங்கே பிசின் குழாய்களைச் சூழ்ந்த உயிரணுக்களை உண்டு பெருகுகின்றன. கோடை வெப்பத்தில் ஒரு தலைமுறை வளர 4 அல்லது 5 நாட்களே போதும். நாளடைவில், நீரைக் கொண்டுசெல்லும் குழாய்களில் காற்று புகுந்து அடைத்துக்கொள்கிறது. வேரில் நீர் இருந்தும் உச்சிக்கு ஏறாமையால், மரம் தாகத்தால் மடிகிறது. மடியும் மரத்தில் வண்டு முட்டையிடும். புதிய வண்டு வெளிவரும் வேளையில், புழுக்கள் அதன் மூச்சுக்குழல்களில் குடியேறும். வண்டு பறக்க, புழுவும் அடுத்த மரத்தை அடையும்.

கடல் கடந்த பகை

இப்புழுவின் தாயகம் வட அமெரிக்கா. அங்குள்ள பைன் மரங்கள் நெடுங்காலம் அதனோடு வாழ்ந்தமையால் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. ஜப்பானிய மரங்களுக்கோ அவ்வாற்றல் இல்லை. இப்புழு 1982இல் சீனாவிலும், 1988இல் தென்கொரியாவிலும், 1999இல் போர்ச்சுகலிலும் கண்டறியப்பட்டது. வண்டால் பெருங்கடலைக் கடக்க இயலாது. வணிகப் பொருள்களோடு செல்லும் மரம் அதனைக் கடத்திவிடுகிறது.

ஆகவே 2002இல் உலக நாடுகள் ஒரு விதி வகுத்தன. அதன்படி, பெட்டி செய்யும் மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸ் வெப்பம் 30 நிமிடங்கள் நிலைக்க வேண்டும். அவ்வாறு வெப்பமூட்டப்பட்டது என்பதன் அடையாளமே 'எச்.டி.' ஆகும். இமயமலையின் பைன் காடுகளையும், விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது நீங்கள் காணக்கூடிய கொடைக்கானல் பைன் காட்டையும் காப்பதில் அச்சிறு முத்திரைக்கும் பங்கு உண்டு.

சொற்பொருள்

பட்ட மரம் – உயிரற்றுக் காய்ந்த மரம்
புலனாயிற்று – தெரியவந்தது
தாயகம் – பிறப்பிடம்

பிரித்து எழுதுக

எடுத்துக்காட்டு: நூற்புழு = நூல் + புழு
1. செந்நிறம் = ______ + ______
2. அம்மரங்கள் = ______ + ______

விடை எழுதுக

1. வண்டுகளே மரத்தைக் கொல்கின்றன என்று மக்கள் கருதியது ஏன்?
2. வேரில் நீர் இருந்தும் பைன் மரம் வாடுவது எதனால்?
3. வண்டு கடக்க இயலாத கடலைப் புழு கடந்தது எவ்வாறு?

செய்து பார்ப்போம்

பெரியவர் துணையுடன் மரப்பெட்டி ஒன்றின் முத்திரையைக் கண்டு வரைக. அதனைப் பற்றி 5 தொடர்கள் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.