உகந்தை முதற் கதிர்காமம் வரை: காட்டுவழியில் உடல்நலம் பேணல்

உடம்பு இறைவன் உறையும் கோயில் என்பது நம் முன்னோர் கொள்கை. கோயிலை நோக்கி நடப்போர், தாம் சுமந்து செல்லும் இக்கோயிலை மறந்துவிடுதல் முறையன்று. எமது கல்லூரியின் பழைய மாணவர் பலரும், இன்று பயில்வோருட் சிலரும், ஆடி மாதத்தையொட்டிக் கதிர்காம பாத யாத்திரையில் ஈடுபடுவதை நாம் அறிவோம். அவர்களுட் பெரும்பாலார் உகந்தையில் யாத்திரிகரோடு சேர்ந்து காட்டுவழியை மட்டும் நடந்து முடிப்பவர். அவ்வழியின் இயல்பையும், அதில் உடல்நலத்துக்கு நேரக்கூடிய இடர்களையும், அவற்றைத் தவிர்க்கும் முறைகளையும் இக்கட்டுரையிற் சுருக்கமாக ஆராய்வோம்.

வழியின் இயல்பு

பொத்துவிலுக்குத் தெற்கே பாணமையைக் கடந்தாற் கடலோரப் பாறைகளின் நடுவே உகந்தை முருகன் கோயில் தோன்றும். அதற்கப்பால் உள்ளது குமண தேசிய வனம். முன்னர் கிழக்கு யால என வழங்கிய இவ்வனம், போர்ச் சூழலால் 1985 முதல் 2003 வரை மூடப்பட்டிருந்தது. 2006இல் இப்பொழுதுள்ள பெயரைப் பெற்றது. ஏறக்குறைய 200 ஹெக்டேயர் பரப்புள்ள குமண வில்லு நீர்ப்பறவைகளுக்குப் பேர்பெற்றது. வனத்தின் தென்னெல்லையிற் கும்புக்கன் ஆறு மருதமர நிழலில் ஓடுகின்றது. அதனைக் கடந்து யால வனத்தினூடாக மேற்கு நோக்கி நடப்போர் ஈற்றில் மாணிக்க கங்கையை அடைவர். யானை, கரடி, சிறுத்தை, காட்டெருமை, முதலை ஆகியன வாழும் இடமிது. நடுவழியில் நோயுற்றவர் வைத்தியரைக் காண ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். ஆதலின், ஊரிற் சிறிதாகத் தோன்றும் நோயும் இங்கே பெரிதாகும்.

வெயிலும் நீரும்

யாத்திரைக் காலத்திற் கிழக்குக் கரையில் வீசுவது கச்சான். மலைநாட்டில் மழையைச் சொரிந்துவிட்டு வரும் இக்காற்று ஈரமற்றது. வியர்வை உடலில் தோன்றியவுடன் உலர்ந்துவிடுதலால், எவ்வளவு நீரை இழந்தோம் என்பது நடப்பவருக்குத் தெரியாது. கடும் வெயிலிற் சுமையோடு நடப்பவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லீற்றர் வரையிலும் நீரை இழக்கக்கூடும். தாகம் எடுக்கும்வரை காத்திராது அடிக்கடி சிறிது சிறிதாகப் பருகுதல் வேண்டும். சிறுநீர் கடும் மஞ்சளாயிற் பருகியது போதாது என்று அறிக. விடியுமுன் பொதி கட்டி, வெளிச்சம் வந்ததும் புறப்பட்டு, பத்து மணியளவில் நிழலில் தங்கி, பிற்பகல் மூன்று மணிக்குப் பின்னர் மீண்டும் நடத்தல் நன்று.

தலைவலி, மயக்கம், குமட்டல், மிகுந்த களைப்பு ஆகியன வெப்பத்தளர்ச்சியின் அறிகுறிகள். நிழலிற் கிடத்தி, கால்களைச் சற்றுயர்த்தி, உப்பும் சீனியும் கலந்த நீரைக் கொடுத்தால் இது தணியும். ஆனால், ஒருவர் பிதற்றினாலோ, உடல் அனலாய்க் கொதிக்க நினைவு தடுமாறினாலோ, அது உயிரைப் பறிக்கும் வெப்பத்தாக்கு. தாமதியாது உடலெங்கும் நீரை ஊற்றி விசிறிக் குளிரச்செய்து, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். நினைவற்றவர் வாயில் நீர் ஊற்றுதல் கூடாது.

வழியிற் சில இடங்களில் அதிகாரிகளும் தொண்டர்களும் நீர்த்தாங்கிகள் வைப்பதுண்டு. எனினும் அவற்றையே முற்றாக நம்புதல் தகாது. ஆற்று நீரும் வில்லு நீரும் விலங்குகள் புரளும் நீர். அதனைத் துணியில் வடித்து, நன்கு கொதித்துக் குமிழியெழுந்த பின்னும் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டுப் பருகுக. விறகுக்கு வழியில்லாதவிடத்துக் குளோரீன் மாத்திரை உதவும். கடலை அண்டிய ஊற்று உவர்நீராயின் இவ்விரண்டாலும் உவர்ப்பு நீங்காது. அதனைப் பருகினால் தாகமே மிகும்.

வயிற்றோட்டம் கண்டவருக்கு ஜீவனி சிறந்தது. அது கிடையாவிடில், காய்ச்சிய நீர் ஒரு லீற்றரில் மட்டமாக எடுத்த 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்க. உப்பு மிகுதல் தீங்கு, அளவு தவறலாகாது.

நோன்பும் நோயும்

இவ்விடத்து எமது தவறொன்றை மறையாது கூறுதல் கடன். ஓராண்டு எம்முடன் நடந்த பழைய மாணவர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், நெடுநாளாகச் சலரோகமுடையவர். வெள்ளிக்கிழமை நோன்பென்று காலையில் உணவை விலக்கினார்; மாத்திரையை மட்டும் வழமைபோல் விழுங்கினார். கும்புக்கன் ஆற்றை அணுகும்போது அவர் உடல் வியர்த்து நடுங்கிற்று, சொல் குழறிற்று, கேட்டதற்கு மறுமொழி கூறாது முருகன் நாமத்தையே முணுமுணுத்தார். அதனைப் பக்திப் பரவசமென்று கருதி நாமும் அரோகரா என்றோம். எம்முடன் வந்த உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனே, தன் பாட்டனாரிடம் இதே நிலையைக் கண்டிருந்தமையால், “ஐயாவுக்குச் சீனி குறைந்துவிட்டது” என்று சொல்லி, விழுங்கும் நிலையில் அவர் இருக்கும்போதே சீனிக் கரைசலைச் சிறிது சிறிதாகப் பருக்கினான். கால்மணி நேரத்தில் அவர் தெளிந்தெழுந்து, இது எவ்விடம் என்று கேட்டார். படித்தவரென்றும் அனுபவசாலிகளென்றும் எண்ணியிருந்த எமக்கு அன்று ஏற்பட்ட நாணம் இன்னும் தீரவில்லை.

ஆதலின் சலரோகம், இரத்த அழுத்தம், இருதய நோய் உடையோர் புறப்படுமுன் தம் வைத்தியரைக் கண்டு, நோன்பைப் பற்றியும் நடையைப் பற்றியும் ஒளியாது கூறி, மருந்தின் அளவைக் கேட்டறிதல் வேண்டும். நெடுநடையும் இரத்தத்திலுள்ள சீனியைக் குறைக்கும் என்பதை நினைவிற் கொள்க. இன்சுலினை ஈரத்துணி சுற்றிய சிறு மட்பாண்டத்தில் நிழலில் வைத்தால் வெப்பம் தாக்காது. காலில் உணர்ச்சி குன்றிய சலரோகியர் வெறுங்காலோடு சுடுமணலில் நடத்தல் ஆகாது. கொப்புளமும் முள்ளும் அவருக்குத் தெரியா. தெரியாத புண் காலையே இழக்கச் செய்யும். அன்பர் உடலை வருத்திப் புண்ணாக்குதல் முருகனுக்கு உவப்பாகுமென நாம் கருதவில்லை.

நுளம்பும் உண்ணியும்

1934–35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளை இந்நாட்டில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டது. அந்நோய் இங்கு முற்றாக ஒழிந்ததென 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. எனினும் டெங்கு உண்டு. அதைப் பரப்பும் நுளம்பு பகலிற் கடிப்பது. முழுக்கைச் சட்டையும் நுளம்பெதிர்ப்புத் தைலமும் தேவை. உண்ணி கடித்தவிடத்து நெருப்பு வைத்தும் எண்ணெய் பூசியும் காலம் போக்காது, சாமணத்தாற் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுத்து அகற்றுக. வீடு திரும்பி ஒரு மாதத்துள் காய்ச்சல் கண்டால், காட்டில் நடந்ததையும் ஆறு கடந்ததையும் வைத்தியரிடம் சொல்லுக. எலிக்காய்ச்சலும் உண்ணிக்காய்ச்சலும் அப்போது விரைவில் அறியப்படும். காய்ச்சலுக்கு அஸ்பிரின் கொள்ளாதீர். டெங்குவாயிற் குருதிப்பெருக்கை அது மிகுவிக்கும்.

பாம்பும் விலங்கும்

நாகம், புடையன் எனப்படும் கண்ணாடிவிரியன், கட்டுவிரியன், சுருட்டைவிரியன் ஆகியன வரண்ட வலயத்தில் உள்ள நச்சுப்பாம்புகள். கட்டுவிரியன் இரவில் நிலத்திற் படுப்போரைக் கடிக்கும். கடித்த இடம் நோவாமையும் உண்டு. விடியலில் வயிற்றுவலியும் இமைச்சோர்வும் தோன்றினால் ஐயுறுக. படுக்கையின் அடியிற் செருகிய நுளம்பு வலை பாம்புக்கும் காப்பாகும். இருளிற் கைவிளக்கின்றி அடி வைக்கலாகாது.

கடியுண்டவரை அசையாது கிடத்தி, மோதிரம், காப்புகளைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை மட்டையோடு தளர்வாகக் கட்டி, சுமந்து செல்லுக. கீறுதலும் உறிஞ்சுதலும் இறுகக் கட்டுதலும் தீமையே தரும். நஞ்செதிர் மருந்து வைத்தியசாலையில் மட்டுமே கிடைக்கும். தொலைபேசித் தொடர்புள்ள இடத்தை அடைந்தால் 1990 என்னும் இலக்கம் அம்புலன்ஸ் வண்டியை அழைக்கும்; காட்டினுள்ளே வன அதிகாரிகளே துணை.

ஆற்றில் தனித்து இறங்காதீர். கரையில் நின்று பாத்திரத்தால் நீர் மொள்ளுக. ஒரே இடத்தில் நாடோறும் மொள்ளுவோரை முதலை கண்டுகொள்ளும். யானை நீருக்கு வரும் தடத்திற் பாய் விரியாதீர். உணவைப் படுக்கையருகில் வைக்காதீர்.

முடிவுரை

ஒவ்வொரு குழுவினரும் புறப்படுமுன் ஓரிடத்திற் கூடி, யாருக்கு என்ன நோய், என்ன மருந்து என்பதைத் தாளில் எழுதி இருவரிடம் கொடுத்து வைப்பாராக. மூத்தோர் தம் நோயைச் சொல்ல வெட்கப்படாதிருத்தலும், இளையோர் தாம் கண்டதைச் சொல்ல அஞ்சாதிருத்தலும் வேண்டும். அன்று அம்மாணவன் பெரியோர் முன் வாய் திறக்கத் தயங்கியிருந்தால், எமது யாத்திரை எவ்வாறு முடிந்திருக்கும் என்பதை நினைக்கவும் நெஞ்சு நடுங்குகின்றது. அவ்வாசிரியர் மறு ஆண்டும் எம்முடன் வந்தார். காலிற் செருப்பும் பையிற் சீனியும் இருந்தன. கதிர்காமக் கந்தனை அவரும் எம்மைப் போலவே கண்ணாரக் கண்டு வணங்கினார்.