தொடங்கும்போதே நின்றுவிடும் மடிக்கணினி

2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பழுதான புதுப்பிப்பினால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையுடன் முடங்கின. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் பயண அனுமதிச் சீட்டுகள் கையால் எழுதி வழங்கப்பட்டன. இன்றியமையாத கூறுகளுடன் மட்டும் கணினி இயங்கும் ‘சேஃப் மோடு’ முறையில் நுழைந்து, பழுதான கோப்பை நீக்கியதும் பல கணினிகள் சீராயின.

தங்கள் மடிக்கணினி ஒருநாள் இயங்கி, மறுநாள் தொடங்கும்போதே நின்றுவிடுகிறதா? அதே முறையில் சோதித்துப் பாருங்கள். அதில் தடையின்றி இயங்கினால், அண்மையில் நிறுவிய மென்பொருளையோ டிரைவரையோ நீக்குங்கள். அதிலும் நின்றால், நினைவகம், வட்டு, வெப்பம் ஆகியவற்றை ஐயுற வேண்டும். காளஹஸ்தி போன்ற கோடை கடுமையான ஊர்களில் தூசடைந்த விசிறியும் காரணமாகலாம்.

கணினி இயங்கும் நாளிலேயே ஆவணங்களைப் பிரதியெடுத்து, வட்டின் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வையுங்கள். பழுதுபார்க்கக் கொடுக்குமுன், சேமித்துள்ள வங்கிக் கடவுச்சொற்களை அழித்துவிடுங்கள். அழிக்க இயலாவிடில், வேறொரு கணினியிலிருந்து அவற்றை மாற்றிவிடுங்கள்.