இராமானுஜன் பெற்ற சிறப்புகள்

கற்றோரைச் சிறப்பித்தல் பண்டுதொட்டு வரும் வழக்கம். மன்னர் பொன்னும் பொருளும் நல்கினர். ஊரார் இறையிலி நிலம் அளித்தனர். இக்காலப் பல்கலைக்கழகங்கள் பட்டம் வழங்குகின்றன. ஆயினும், செய்யும் சிறப்பெல்லாம் ஒரு தன்மையன அல்ல. அறிஞனுக்குப் பெயர் தருவன சில. உணவும் பொழுதும் தந்து அவன் தொழிலை நடைபெறச் செய்வன சில. அவன் மறைந்தபின் வருவன பல. கணிதமேதை சீனிவாச இராமானுஜன் வரலாற்றில் இவையனைத்தையும் காணலாம்.

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். அவ்வூர் டவுன் உயர்நிலைப் பள்ளியில் அரைச் சம்பளச் சலுகை பெற்றுக் கற்றார். 1904ஆம் ஆண்டு கணிதத்திற்குரிய பரிசை அவருக்கு வழங்கிய தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், முழு மதிப்பெண்ணும் இம்மாணவருக்குப் போதாது என்று அவையறியக் கூறினார். அடுத்து அரசினர் கல்லூரியில் உதவித்தொகையும் கிடைத்தது. ஆனால், கணக்கில் மூழ்கியவர் ஏனைப் பாடங்களைக் கைவிட்டார். ஆங்கிலக் கட்டுரையில் தவறவே, உதவித்தொகை நின்றது. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேர்வில் வெற்றி பெற்றாரில்லர். கல்லூரியின் விதியைக் குறைகூறுதல் முறையன்று; அஃது எல்லார்க்கும் பொதுவாக வகுத்தது. ஒப்பற்ற ஒருவரைக் கண்டறிய அவ்விதி வகுக்கப்படவில்லை, அவ்வளவே.

பின் வந்த ஆண்டுகள் வறுமையில் கழிந்தன. தாள் வாங்கப் பொருளின்மையால் கற்பலகையில் கணக்கிட்டு, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 1910ஆம் ஆண்டில் திருக்கோவலூரில் துணை ஆட்சியராயிருந்த இராமசாமி ஐயரை அணுகி எழுத்தர் வேலை வேண்டினார். குறிப்பேட்டைக் கண்ட அப்பெரியார், இத்தகையவரை வருவாய்த்துறையின் எழுத்து வேலையில் புதைத்தல் தகாதெனக் கருதி, சென்னையிலுள்ள கணித அன்பர்க்கு அறிமுகக் கடிதம் தந்து அனுப்பினார். நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் சிலகாலம் திங்கள்தோறும் பொருள் உதவினார். 1912ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் திங்களுக்கு 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது.

இவ்வன்பர்கள் உதவினார்களேயன்றி, அவர் கண்ட உண்மைகளின் ஆழத்தை முழுதும் அளக்க வல்லவராயினர் அல்லர். ஆரணியை அடுத்த எம் முள்ளிப்பட்டில் பட்டு நெய்வோர் உளர். சேலை வாங்க வருவோர் அதன் நிறத்தையும் கரையையும் முந்தானையையும் கண்டு மகிழ்வர். தறியில் உழைத்துத் தேர்ந்தவரோ அதனைப் புறம் திருப்பி நோக்குவார். பாவும் ஊடையும் ஒத்து இயைந்தனவா என்று விரலால் தடவிப் பார்ப்பார். அவர் தலையசைத்தால் நெய்தவன் முகம் மலரும். இராமானுஜனும் அத்தகைய ஒரு தலையசைப்பையே நாடினார்.

1913ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 16ஆம் நாள், கேம்பிரிட்சு நகரத்துக் கணிதப் பேராசான் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வுட்டும் அதனை ஆராய்ந்தனர். வாய்பாடுகளுட் சில முன்னரே அறியப்பட்டவை. சில, அவர்கள் கண்டும் கேட்டும் அறியாதவை. இவை உண்மையாகவே இருத்தல் வேண்டும். பொய்யாயின், இவற்றைப் புனையும் கற்பனை எவர்க்கும் வாராது என்று ஹார்டி முடிவு செய்தார். தொழிலறிந்தவர் தொழிலறிந்தவரைக் கண்டுகொண்டார்.

உடனே சென்னைப் பல்கலைக்கழகம் விழித்துக்கொண்டது. ஆய்வு உதவித்தொகை பெறுவோர்க்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. இராமானுஜனோ எப்பட்டமும் பெறாதவர். பல்கலைக்கழகத்தார் விதியை ஒருபுறம் ஒதுக்கி, 1913ஆம் ஆண்டு மே முதல் திங்களுக்கு 75 ரூபாய் வழங்கினர். மூன்று திங்களுக்கு ஒருமுறை தம் ஆய்வைப் பற்றி அறிக்கை தருவதொன்றே அவர் கடமை. பின்னர் அவரை வந்தடைந்த பட்டங்களெல்லாவற்றினும் இந்த 75 ரூபாயே பெரிய சிறப்பென்பது எம் கருத்து. நாள் முழுவதும் கணக்கே செய்து வாழும் உரிமையை அவருக்கு அளித்தது அதுவேயன்றோ?

1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் அவர் கப்பலேறினார். ஹார்டியோடு கூடி அவர் ஆற்றிய பணிகளுள் ஒன்றை மாணவர் எளிதில் உணரலாம். 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 10ஐப் பிரிக்கும் வகை 42. நூறைப் பிரிக்கும் வகையோ 19,05,69,292! ஒவ்வொன்றாய் எழுதி எண்ணல் இயலாத இத்தொகையை அறிதற்குரிய வாய்பாட்டை இருவரும் கண்டு 1918இல் வெளியிட்டனர். (1729 என்னும் வாடகை வண்டி எண்ணின் கதையை யாவரும் அறிவர், ஆதலின் ஈண்டு விரிக்கவில்லை.)

1916இல் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் அவர் ஆய்வுக்காகப் பட்டம் அளித்தது. 1918ஆம் ஆண்டு மே திங்களில் இராயல் சொசைட்டி என்னும் புகழ்மிக்க அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1841இல் அச்சிறப்பை எய்திய பம்பாய்க் கப்பற் பொறியாளர் அர்தசீர் கர்செட்ஜிக்குப்பின் அதனைப் பெற்ற இந்தியர் இவரே. அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வுறுப்பினரானார். இந்தியருள் அதற்கு முதல்வர் அவரே. இவை வந்தபொழுது அவர் நோயுற்றிருந்தார்.

சென்னைப் பல்கலைக்கழகமும் ஆண்டுக்கு 250 பவுன் வழங்க முன்வந்தது. அதற்கு 1919ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் அவர் எழுதிய மறுமொழியைக் காண்க. தாயகம் திரும்பியபின் தமக்குச் சேரும் தொகை தம் தேவைக்கு மிகுதி என்றார். ஆண்டுக்கு 50 பவுனைத் தம் பெற்றோர்க்கு அளிக்கவும், இன்றியமையாச் செலவு போக எஞ்சுவதை ஏழைச் சிறுவரும் தாய் தந்தையற்றோரும் செலுத்தும் பள்ளிச் சம்பளத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்கு நூல்கள் வாங்கவும் பயன்படுத்தவும் வேண்டினார். அரைச் சம்பளத்தில் கற்று, உதவித்தொகை இழந்து நின்றவர் எழுதிய கடிதம் அது. தமக்கு வந்த சிறப்பை அவர் எந்த வாயிலில் கொண்டுபோய் வைக்க விரும்பினார் என்பது இதனால் விளங்கும்.

அவ்வாண்டே திரும்பிவந்த அவர், 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார். அகவை முப்பத்திரண்டு. நோய்ப் படுக்கையிலும் கணக்கு நிற்கவில்லை. அருகிருந்து பேணியவர் மனைவியார் சானகி அம்மையார். கணவரை இழந்தபின் அவ்வம்மையார் தையற்கலை பயின்று, திருவல்லிக்கேணியில் ஆடை தைத்தும் சிறு உதவித்தொகை பெற்றும் நெடுங்காலம் வாழ்ந்தார். 1936இல் வானியற்பியல் அறிஞர் சந்திரசேகர், ஹார்டியின் வேண்டுகோட்கிணங்க இராமானுஜன் உருவப்படம் தேடி அவரிடம் சென்றார். அம்மையார் காத்துவைத்திருந்த கடவுச்சீட்டுப் படமே உலகெங்கும் இன்று நாம் காணும் படம்.

அதன்பின் சிறப்புகள் தொடர்ந்தன. 1957இல் பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனம் அவர் குறிப்பேடுகளைக் கையெழுத்துப் படியாகவே அச்சிட்டது. 1962இல் அஞ்சல் தலை வெளிவந்தது. ஆயினும், கணவருக்குச் சிலை எடுப்போம் எனப் பல ஆண்டுகட்குமுன் கூறினரே, அச்சிலை எங்கே என்று அம்மையார் முதுமையில் செய்தித்தாள் ஒன்றின்வழி வினவினார். அச்செய்தியைக் கண்டவர் அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்டு ஆஸ்கி. பல நாட்டுக் கணித அறிஞரும் பொருள் ஈந்தனர். பால் கிரான்லண்டு என்னும் சிற்பி 1980களில் வெண்கலத்தில் மார்பளவு உருவம் சமைத்தார். அதற்கு வழிகாட்டியது அக்கடவுச்சீட்டுப் படமே. உருவம் ஒன்று அம்மையார்க்கு அளிக்கப்பெற்றது. அவர் 1994இல் இயற்கை எய்தினார்.

இராமானுஜன் பிறந்தநாள் 2011இல் தேசியக் கணித நாளாக அறிவிக்கப்பட்டது. அவர் வளர்ந்த கும்பகோணத்துச் சாரங்கபாணி சந்நிதித் தெரு இல்லம் நினைவில்லமாகக் காக்கப்பெறுகிறது. சாஸ்திரா பல்கலைக்கழகம் 2005 முதல் அவர் பெயரால் பரிசு வழங்கிவருகிறது. எந்நாட்டவரும் அதனைப் பெறலாம். அகவை முப்பத்திரண்டைக் கடந்திருத்தல் மட்டும் ஆகாது.