டிரெய்லர் வீல் பேரிங்: கரும்பு வெட்டுக்கு முன்பே பாருங்கள்

டிராக்டருக்கு நேரம் தவறாமல் ஆயில் மாற்றுபவர்கள்கூடப் பின்னால் இழுபடும் டிரெய்லரை மறந்துவிடுகிறார்கள். சக்கரம் கழன்று கரும்பு சாலையில் சரிந்த பிறகுதான் பேரிங் நினைவுக்கு வரும்.

ஆண்டுக்கு ஒருமுறை, வெட்டு தொடங்குமுன் ஹப்பைக் கழற்றிப் பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவுங்கள். நன்றாக உலர்ந்த பின், உருளைகளுக்கு இடையே புகும்படி புது கிரீஸை உள்ளங்கையில் வைத்து அழுத்தித் திணிக்க வேண்டும். மேலே பூசினால் மட்டும் போதாது. உருளை நீலம் பாய்ந்திருந்தாலோ, சொரசொரப்பாக இருந்தாலோ பேரிங்கையே மாற்றுங்கள். கப், கோன் இரண்டையும் சேர்த்து. ஆயில் சீலும் ஸ்பிளிட் பின்னும் எப்போதும் புதிது. சில ரூபாய்ச் சமாச்சாரம், இதில் சிக்கனம் எதற்கு?

வண்டி வாய்க்காலிலோ சேற்றுத் தண்ணீரிலோ ஹப் மூழ்க இறங்கியதா? ஓராண்டுக் கணக்கெல்லாம் செல்லாது. ஓடிச் சூடேறிய ஹப் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது, தேய்ந்த சீல் வழியே நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். உடனே பிரித்துப் பாருங்கள்.

இடையிடையே மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, காலி வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். லொடலொடத்தாலோ, சுற்றும்போது கரகரத்தாலோ மெக்கானிக்கிடம் விடவும். நட்டை இறுக்கி மட்டும் ஓட்ட வேண்டாம். அதிக இறுக்கமும் பேரிங்கை எரித்துவிடும்.