முத்திரை மட்டும் நேர்மையாகாது

எடைக்கல்லில் அரசு முத்திரை இருந்தால் போதும் என்று நம்மில் சிலர் எண்ணுவதுண்டு. சோதனையில் தேறுவது வேறு. நேர்மையாக இருப்பது வேறு. இதற்கு டூர் டி பிரான்ஸ் என்னும் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயம் நமக்கு ஒரு பாடம்.

1990களில் இப்பந்தயத்தில் இ.பி.ஓ. என்ற மருந்து பரவியது. சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்குத் தரப்படும் மருந்து அது. சிவப்பணுக்களைப் பெருக்கி, மலையேற்றத்தில் களைப்பைக் குறைக்கும். அதைக் கண்டறியும் சோதனை அப்போது இல்லை. ஆகவே 1997-ல் சர்வதேச சைக்கிள் சம்மேளனம், இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என வரம்பு கட்டியது. பலர் மருந்தை விடவில்லை. வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி அளந்து ஏற்றிக்கொண்டார்கள்!

1998-ல் பெஸ்டினா கடிகாரக் கம்பெனி அணியின் உதவியாளர், கார் நிறைய மருந்துகளுடன் பிரெஞ்சு சுங்கத்தாரிடம் சிக்கினார். அணி வெளியேற்றப்பட்டது. அந்த அணியிலும் மருந்தைத் தொடாத ஒருவர் இருந்தார் என்று சக வீரர்களே கூறினர். அவர் கிறிஸ்டோப் பாசோன்ஸ்.

1999-ல் வேறு அணியில் ஓட்டிய பாசோன்ஸ், பந்தயத்தின் நிலை பற்றிப் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். சக வீரர்கள் அவரை ஒதுக்கினர். அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் அவரை வெளியேறச் சொன்னார். பாசோன்ஸ் பாதியிலேயே விலகினார். ஆம்ஸ்ட்ராங் அவ்வாண்டு முதல் 2005 வரை தொடர்ந்து 7 முறை வென்றார்.

அவரை வீழ்த்தியது ஆய்வுக்கூடம் அல்ல. உடன் ஓட்டியவர்களின் வாக்குமூலம். 11 முன்னாள் அணித்தோழர்கள் சாட்சி சொல்ல, 2012-ல் 7 பட்டங்களும் பறிபோயின. விளம்பரக் கம்பெனிகள் கைகழுவின. 2013-ல் அவரே ஒப்புக்கொண்டார். அவரது அணிக்குப் பணம் கொடுத்திருந்தது அமெரிக்க அஞ்சல் துறை. அதன் தொடர்பான வழக்கில் 2018-ல் 50 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்தார். அந்த 7 பட்டங்களும் வேறு யாருக்கும் வழங்கப்படவில்லை.

வணிகப் பெருமக்களே! தராசுக்குச் சட்டம் அனுமதிக்கும் பிழையளவு கருவிக்காகத்தான், லாபத்துக்காக அல்ல. ஆய்வாளர் அறியாததைக் கடைப்பையன் அறிவான்.

இன்னொன்றும் உண்டு. மிளகில் பப்பாளி விதை கலப்பவர் விலையைக் குறைத்தால், சுத்தச் சரக்கு விற்பவர்தான் வாடிக்கையாளரை இழக்கிறார். அவர் வாய் திறந்தால் "தொழிலைக் கெடுக்கிறார்" என்கிறோம். பாசோன்ஸை விரட்டியதும் இதே பேச்சுதான். அத்தகைய உறுப்பினர் புகார் சொல்லி வந்தால் அவரைத் தனியே விடாமல் உடன் நிற்பதே சங்கத்தின் கடமை.