பெரிய ஆட்டமும் அதன் போலியும்

பெருமையுடைய பொருளொன்று உலகிற் றோன்றுமாயின், அதனைப் பின்பற்றி நகைக்கும் போலியொன்றும் உடன் றோன்றுதல் இயல்பு. அரசன் வீற்றிருந்த அவையில் விதூஷகனும் இருந்தான். தெருக்கூத்தில் வேந்தன் வேடம் புனைந்தோன் உள்ளே சென்றவுடன், கட்டியங்காரன் அவனது நடையையே நடந்து காட்டி அவையோரைச் சிரிப்பித்தான். இத்தகைய போலியைக் கண்டு நகைப்பார் பலர். அந்நகை யாண்டிருந்து பிறக்கின்றது என ஆராய்வார் சிலரே. அமெரிக்க நாட்டுத் தொலைக்காட்சியில் நிகழ்ந்த போலியொன்றை எடுத்துக்கொண்டு, அவ்வாராய்ச்சியைச் சிறிது செய்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூல ஆட்டம்

அமெரிக்கர் காற்பந்தாட்டம் என வழங்குவது, நாம் அப்பெயரால் அறிந்த ஆட்டமன்று. முட்டைவடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், தம் கட்சியாருக்கு எறிந்தும் ஆடப்படுவது அது. பந்தையுடைய கட்சியார் நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜ தூரமேனும் முன்னேறுதல் வேண்டும். தவறினால் பந்து எதிர்க்கட்சியாரைச் சேரும். ஒவ்வொரு முயற்சியும் சில விநாடிகளில் முடிந்துவிடும். உடனே யாவரும் நின்று, ஒருங்கு கூடிச் சூழ்ச்சி செய்து, மீண்டும் அணிவகுப்பர். கடிகாரக் கணக்கின்படி ஆட்டம் 60 நிமிஷமே எனினும், ஒளிபரப்பு மூன்று மணி நேரத்தைக் கடந்து நீளும். அதனுள் பந்து உண்மையாக இயங்கும் காலமோ ஏறக்குறைய 11 நிமிஷமேயாம்.

எஞ்சிய காலத்தை நிரப்புவது யாது? வர்ணனையாளரின் பேச்சும், புள்ளிக்கணக்கும், நிபுணரின் ஆரூடமும், வியாபாரிகளின் விளம்பரமும், நடந்த காட்சியை மீண்டும் காட்டுதலுமே அதனை நிரப்புகின்றன. நடந்ததை உடனே திருப்பிக் காட்டும் முறை 1963-ஆம் வருஷம் டிசம்பர் 7-ஆம் தேதி, தரைப்படைக் கல்லூரியும் கடற்படைக் கல்லூரியும் ஆடிய ஆட்டத்தில் டோனி வெர்னா என்னும் இயக்குநரால் முதன்முதல் கையாளப்பட்டது. முன்பு கண்டதே மீண்டும் வருவதைப் பார்த்து மக்கள் மயங்காவண்ணம், இஃது இரண்டாம் வெற்றியன்று என்று வர்ணனையாளர் விளக்க வேண்டியதாயிற்று.

இவ்வாட்டத்தின் முடிசூட்டு விழாவாக விளங்குவது ‘சூப்பர் பௌல்’ என்னும் இறுதிப் போட்டி. அதன் முதல் ஆட்டம் 1967-ஆம் வருஷம் ஜனவரி 15-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடைபெற்றது. கிரீன் பே பாக்கர்ஸ் கட்சியார் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் கட்சியாரை 35-க்கு 10 என்ற கணக்கில் வென்றனர். அன்று அரங்கிற் கூடியோர் ஏறக்குறைய 62,000 பேர். இருக்கைகளில் மூன்றிலொரு பங்கு வெறுமையாகக் கிடந்தது. இரண்டு நிறுவனங்கள் ஒருங்கே ஒளிபரப்பியும், முழுப் பதிவை அவற்றுள் ஒன்றேனும் பேணி வைக்கவில்லை. ஆட்டம் பெருவிழாவாக வளர்ந்தது பின்னரே. 1971-இல் நடந்த ஐந்தாம் ஆட்டமுதல், பேரரசர் பெயருக்குப் பின் இடுவதுபோல உரோம எண்களையிட்டு அதனை வழங்கலாயினர். 2016-இல் நடந்த ஐம்பதாம் ஆட்டத்திற்கு மாத்திரம் அவ்வழக்கு விலக்கப்பட்டது.

போலி ஆட்டம்

கார்ட்டூன் என்னும் அசைசித்திரங்களை இரவும் பகலும் காட்டுதற்கென, டெட் டர்னரின் நிறுவனத்தார் 1992-ஆம் வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி கார்ட்டூன் நெட்வொர்க் என்னும் ஒளிபரப்பைத் தொடங்கினர். 1996-இல் அந்நிறுவனம் டைம் வார்னர் நிறுவனத்தோடு இணைந்தது. வார்னர் சகோதரரின் புகழ்பெற்ற சித்திரங்களை எடுத்தாளுதல் அதனால் எளிதாயிற்று. 1990-களின் இறுதியில், சூப்பர் பௌல் பருவத்தையொட்டி, அந்நிறுவனத்தார் ‘பிக் கேம்’, அதாவது ‘பெரிய ஆட்டம்’, என்னும் நிகழ்ச்சியை அளித்தனர். பழைய சித்திரப் படங்களை வரிசையாகக் காட்டி, அவற்றைச் சூழ இறுதிப் போட்டிக்குரிய வர்ணனை முதலிய ஆடம்பரங்களையெல்லாம் அமைத்தார்கள். ஒருபுறம் ‘ரோட் ரன்னர்’ என்னும் ஓட்டப்பறவை. மறுபுறம் அதனைப் பிடித்துண்ண விழையும் ‘கொயோட்’ என்னும் ஓநாய். பின்னர் சில்வெஸ்டர் என்னும் பூனையும் ட்வீட்டி என்னும் சிறுபறவையும், பக்ஸ் பன்னி என்னும் முயலும் டாஃபி என்னும் வாத்தும் எதிரெதிர்க் கட்சியாயின.

நிகழ்ச்சியின் பெயரே ஒரு பரிகாசம். சூப்பர் பௌல் என்னும் பெயர் சட்டத்தாற் காக்கப்பட்ட உடைமையாதலின், உரிமை பெறாத வியாபாரிகள் தம் விளம்பரங்களில் அதனைப் ‘பெரிய ஆட்டம்’ என்றே குறிப்பர். பெயரைச் சொல்லக் கூசி மறைபொருளாகச் சுட்டும் அவ்வழக்கையே சித்திரக்காரர் தமக்குப் பெயராகச் சூடிக்கொண்டனர்.

இரண்டின் பொருத்தம்

இப்போலி நன்கு பொருந்தியதற்குத் தக்க காரணமுண்டு. ஓட்டப்பறவையும் ஓநாயும் முதலில் தோன்றிய படம், சக் ஜோன்ஸ் இயக்க, மைக்கேல் மால்டீஸ் கதையமைக்க, 1949-இல் வெளிவந்தது. அவ்வரிசைப் படங்கள் ஏழு நிமிஷ அளவினவே. அவற்றில் நெடிய கதை இல்லை. தனித்தனி முயற்சிகளே உள. ஓநாய் திட்டமிடும், ஆக்மி என்னும் கற்பனைக் கம்பெனியிலிருந்து பொறிகளைத் தருவிக்கும், ஏவும், தானே அகப்படும். சிறிது இடைவெளிக்குப் பின் மறு முயற்சி தொடங்கும். அமெரிக்கப் பந்தாட்டத்தின் இயல்பும் இதுவேயன்றோ? சூழ்ச்சி, பாய்ச்சல், வீழ்ச்சி, மீண்டும் சூழ்ச்சி என்னும் நடையே இரண்டிற்கும் பொதுவாயிற்று. வர்ணனை நுழைதற்குரிய இடைவெளி இரண்டினும் உண்டு. உரோம எண்ணால் ஆட்டத்தார் பெருமை தேடினரெனின், அப்பறவைக்கும் ஓநாய்க்கும் போலி இலத்தீன் பெயர்களைச் சூட்டி ஜோன்ஸ் குழுவினர் முன்னமே நகையாடியிருந்தனர்.

இம்முறைக்கு முன்னோடியும் உண்டு. 1944-இல் வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் கூஃபி என்னும் பாத்திரத்தை வைத்துக் காற்பந்தாட்டம் கற்பிக்கும் படமொன்றை வெளியிட்டனர். உரைப்பவன் குரலோ பேராசிரியருடையது போலக் கம்பீரமானது. ஆடுவோர் இரு கட்சியிலும் கூஃபிகளே. சொல்லின் கம்பீரத்திற்கும் செயலின் அலங்கோலத்திற்கும் இடைப்பட்ட தூரமே ஆண்டு நகையை விளைத்தது.

நகையின் இலக்கு

இனி, ‘பெரிய ஆட்டம்’ எதனை எள்ளிற்று என ஆராய்வோம். பந்தாட்டத்தையா? அன்று, ஆடுவோரின் வலியும் திறமும் அதனாற் குறைவுபடவில்லை. ஓநாயையா? அதனை எள்ளுதற்குப் பழைய படமே போதும். இரண்டினையும் சூழ்ந்து நின்ற சட்டகத்தையே அஃது எள்ளிற்று என்பது சிறிது சிந்திப்பார்க்குப் புலனாகும். உண்மையான ஆட்டத்தின் முடிவை எவரும் அறியார். ஆகவே ஆரூடத்திற்கு ஓர் அர்த்தம் உண்டு. ஓநாய் வெல்லாது என்பதைச் சிறுகுழந்தையும் அறியும். அறிந்த முடிவைச் சூழ்ந்தும் அதே ஆரவாரத்தை எழுப்ப இயலுமாயின், ஆரவாரம் பொருளின் தகுதியிலிருந்து பிறப்பதன்று என்பது வெளிப்படும். அதனை எப்பொருளின்மீதும் போர்த்தலாம். இவ்வுண்மையைத் தருக்கத்தால் நிறுவப் பல பக்கங்கள் வேண்டும். ஓட்டப்பறவை ஒரே ஓட்டத்தில் அதனை நிறுவிவிட்டது.

தோல்வியைப் பற்றியும் இப்போலி ஒன்று கற்பிக்கின்றது. ‘கெடுவான் கேடு நினைப்பான்’ என்னும் பழமொழிக்கு ஓநாய் தக்க சான்று. எனினும், காண்போரின் இரக்கம் அதன்மேலேயே செல்கின்றது. விழுந்தும் எழுகின்றமையே அதற்குக் காரணம். வெற்றிப் பட்டியல் இவ்விரக்கத்தை அறியாது. பஃபலோ பில்ஸ் கட்சியார் 1991 முதல் 1994 வரை இடையறாது நான்கு முறை இறுதிப் போட்டியை எய்தினர், நான்கிலும் தோற்றனர். தொடர்ந்து நான்கு முறை அவ்விடத்தை எய்திய கட்சி வேறில்லை. இருந்தும், ஊரார் வாயில் அவர்கள் நெடுங்காலம் நகைப்பொருளாகவே நின்றனர். ஓநாய்க்கு அளிக்கும் அன்பை மனிதருக்கு அளிக்க மறுத்தல் நியாயமாகுமா?

நகையின் எல்லை

போலியைப் புகழுமிடத்து அதன் எல்லையையும் உணர்தல் கடன். 1992-இல் ஆட்டத்தின் இடைவேளையில் ஃபாக்ஸ் நிறுவனத்தார் தம் நகைச்சுவை நிகழ்ச்சியைப் போட்டியாகக் காட்டிப் பார்வையாளர் பலரைக் கவர்ந்தனர். விழாவை நடத்துவோர் அடுத்த வருஷமே மைக்கேல் ஜாக்சனை அழைத்து, இடைவேளையைத் தனிப்பெரு விழாவாக்கினர். 2005-இல் அனிமல் பிளானட் நிறுவனத்தார் நாய்க்குட்டிகளைச் சிறிய ஆடரங்கில் விளையாடவிட்டு, அதனையும் ஓர் இறுதிப் போட்டியாகக் காட்டினர்; அஃது ஆண்டுதோறும் தொடரும் வழக்கமாயிற்று. ஆகவே, விழாவை எள்ளத் தோன்றியது விழாவின் ஓரங்கமாதலும் உண்டு. விளம்பரத்தைப் பரிகசிக்கும் நிகழ்ச்சியினிடையிலும் விளம்பரம் வரும். நகைத்தமையாலேயே நாம் கட்டினின்று விடுபட்டோம் என எண்ணுதல் பேதைமை.

மாணவ நண்பர்களே! ஆட்டத்திற்கு ஏற்பட்ட இச்சட்டகம் இன்று ஆட்டக்களத்தோடு நிற்கவில்லை. நாட்டின் தேர்தலும் அவ்வாறே வர்ணிக்கப்படுகின்றது. யார் முந்துகின்றார், எத்தனை புள்ளி வேறுபாடு, எவர் சூழ்ச்சி பலித்தது என்னும் பேச்சு மிகுந்து, வென்றோர் செய்யவிருப்பது யாது என்னும் கேள்வி பின்தள்ளப்படுகின்றது. ஓநாய் வெல்லினும் தோற்பினும் நமக்கு இழப்பில்லை, தேர்தல் அத்தகையதன்று. ஆதலின், ஆரவாரம் மிக்க எதனைக் காணினும், அதன் சட்டகத்தை மனத்தால் நீக்கிவிட்டு, எஞ்சுவது யாது என வினவும் பழக்கத்தை மேற்கொள்வோமாக. நல்ல ஆட்டமாயின் ஆட்டம் எஞ்சும். நல்ல சித்திரமாயின் சித்திரம் எஞ்சும். ஒன்றும் எஞ்சாதாயின், அங்கு நாம் செலவிட்ட பொழுது எத்துணை என்பதையேனும் கணக்கிட்டுப் பார்த்தல் நலம்.