புது சாஃப்ட்வேர் வந்தால் அதிகாரம் யார் கைக்குப் போகும்?

கொள்முதல், ஸ்டாக், கணக்கு எல்லாவற்றையும் இணைக்கும் இ.ஆர்.பி. போடலாமா, எந்த சாஃப்ட்வேர் நல்லது, எவ்வளவு செலவாகும்? நடுத்தர நிறுவனங்களை நடத்துபவர்கள் ஆலோசனைக்கு வரும்போது இந்த மூன்றையும்தான் முதலில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விகள்தான். ஆனால் இவற்றுக்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இன்று உங்கள் நிறுவனத்தில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்கும் தகவல் நாளை யாருக்கெல்லாம் தெரியப்போகிறது? இன்று அவர் எடுக்கும் முடிவை நாளை யார் எடுப்பது? இதற்குப் பதில் இல்லாமல் போட்ட சிஸ்டம் ஆறு மாதத்தில் வெறும் பில் அடிக்கும் மெஷினாகிவிடும். பழைய நோட்டு மேஜைக்கு அடியில் உயிரோடு இருக்கும்.

மேலாண்மை வகுப்புகளில் அடிக்கடி சொல்லப்படும் ஃபோர்டு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 1980-களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் அந்த நிறுவனத்தின் சப்ளையர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் பிரிவில் மட்டும் 500 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். கம்ப்யூட்டர் வைத்தால் 20 சதவீதம் பேரைக் குறைக்கலாம் என்று நிர்வாகம் கணக்குப் போட்டது. பிறகு, தனக்குப் பங்கு இருந்த ஜப்பானின் மஸ்தாவைப் பார்த்தது. அங்கே அந்த வேலைக்கு இருந்தவர்கள் 5 பேர். மஸ்தா சிறிய நிறுவனம்தான். அதற்குத் தக்கபடி கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் மலைக்க வைத்தது.

ஃபோர்டு அதன்பின் வேலை நடக்கும் முறையையே மாற்றியது. அதுவரை பர்சேஸ் ஆர்டர், சரக்கு வந்த சீட்டு, சப்ளையரின் பில் மூன்றையும் வைத்து 14 விவரங்கள் பொருந்துகின்றனவா என்று குமாஸ்தாக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கே பொருந்தவில்லையோ அங்கே பல நாள் போய்விடும். புதிய முறையில், சரக்கு வந்து இறங்கும் இடத்தில் இருக்கும் ஊழியரே கம்ப்யூட்டரில் ஆர்டரைப் பார்ப்பார். பொருந்தினால் இறக்குவார், பொருந்தாவிட்டால் வண்டியைத் திருப்பி அனுப்புவார். அவர் ஏற்றுக்கொண்டாலே பணம் கொடுக்கும் ஏற்பாடு தொடங்கிவிடும். பில்லே தேவைப்படவில்லை. ஆட்கள் 75 சதவீதம் குறைந்ததாக 1990-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் மேலாண்மை நிபுணர் மைக்கேல் ஹாமர் எழுதினார்.

எல்லோரும் அந்த 75 சதவீதத்தைப் பேசுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வாசலில் நின்ற அந்த ஊழியர். நேற்றுவரை சீட்டு எழுதி மேலே அனுப்பியவர், இன்று நிறுவனத்தின் பணத்துக்கு முடிவு சொல்கிறார். கம்ப்யூட்டர் அந்த முடிவை எடுக்க அவருக்கு வேண்டிய தகவலைக் கொடுத்தது. அதிகாரத்தைக் கொடுத்தது நிர்வாகம். இரண்டும் சேர்ந்ததால்தான் பலன் கிடைத்தது.

இதை நம் ஊரில் அப்படியே செய்ய முடியாது. பில் இல்லாமல் ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரி வரவு எடுக்க இயலாது. ஆகவே பில் இருக்கட்டும். ஆனால் சரக்கை ஏற்பதா திருப்புவதா என்ற முடிவை கேட்டுக்கே கொண்டுவரலாம். அதற்கு பர்சேஸ் ஆர்டர் முன்கூட்டியே சிஸ்டத்தில் இருக்க வேண்டும். போனில் சொல்லி நூல் வாங்கிவிட்டு, பில் வந்தபிறகு ஆர்டர் போடும் வழக்கம் இருக்கும்வரை எந்த சாஃப்ட்வேரும் உதவாது.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஃபேப்ரிக் இன்சார்ஜ் என்று ஒருவர் இருப்பார். நிட்டிங்கில் இருந்து துணி எப்போது வரும், டையிங்குக்கு எத்தனை கிலோ போயிருக்கிறது, காம்பேக்டிங்கில் எந்த லாட் கிடக்கிறது என்பதெல்லாம் அவர் நோட்டில் இருக்கும். அதைவிட அதிகம் அவர் தலைக்குள் இருக்கும். மெர்ச்சன்டைசர் போன் செய்து, “ஏனுங்கண்ணா, மெரூன் லாட் வந்துருச்சுங்களா?” என்று கேட்டால், “சாயந்தரம் வந்துருமுங்க, நீங்க கட்டிங்குக்குச் சொல்லிருங்க” என்பார். வந்தும்விடும். எப்படி என்றால், அடுத்த மாத ஆர்டருக்கு வைத்திருந்த துணியில் 40 கிலோவை இதற்குத் திருப்பிவிட்டு, டையிங்கில் இருந்து வந்ததும் சரிக்கட்டியிருப்பார். கப்பல் தவறாமல் ஷிப்மென்ட் போவது இப்படிப்பட்டவர்களால்தான்.

சிஸ்டம் வந்ததும் ஒவ்வொரு கிலோவும் ஓர் ஆர்டர் எண்ணோடு கட்டப்படுகிறது. 500 கிலோ டையிங்குக்குப் போய் 460 கிலோ திரும்பினால், அந்த 40 கிலோ பிராசஸ் லாஸ் முதலாளியின் திரையில் அன்றே தெரிகிறது. எந்த டையிங்கில் சேதம் கூட என்பதும் தெரிகிறது. நல்லதுதான். ஆனால் இன்சார்ஜ் கையில் இருந்த நெளிவுசுளிவு போய்விட்டது. ஓர் ஆர்டரின் துணியை இன்னொன்றுக்குக் கொடுக்க சிஸ்டம் விடவில்லை. இப்போது அவருக்கு இரண்டு வழிதான்: ஷிப்மென்ட்டைத் தவறவிடுவது, அல்லது பொய்யான எடையைப் பதிவது. நல்ல வேலைக்காரர் இரண்டாவதைத்தான் செய்வார். ஸ்டாக் கணக்கு கெட்டுப்போவது சோம்பேறிகளால் மட்டுமல்ல.

இதற்கு மருந்து, அந்த நெளிவுசுளிவை வெளிப்படையான விதியாக்குவதுதான். 50 கிலோ வரை ஆர்டர் மாற்றிக்கொடுக்க இன்சார்ஜுக்கே அதிகாரம், காரணத்தைப் பதிந்தால் போதும். அதற்கு மேல் என்றால் மெர்ச்சன்டைசிங் மேனேஜர் ஒப்புதல் என்று வையுங்கள். அளவு உங்கள் தொழிலுக்கு ஏற்ப மாறலாம். ஆனால் விதியை அந்த இன்சார்ஜோடு உட்கார்ந்து எழுத வேண்டும், சாஃப்ட்வேர் ஆட்கள் வருவதற்கு முன்னால் எழுத வேண்டும். இருபது வருட அனுபவத்தை நோட்டோடு சேர்த்துப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்று அவர் நினைத்தால் வேலை நின்றுவிடும். டேட்டா என்ட்ரிக்குப் புதிதாக வந்த பையன் அவரைக் கேள்வி கேட்கும்படி வைக்காதீர்கள். துணிக் கணக்குக்கு அவரே பொறுப்பாளர் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள், சம்பளத்திலும் அது தெரியட்டும். ஆள் குறைக்கப் போகிறீர்கள் என்றால் மறைக்காதீர்கள். “யாரையும் அனுப்ப மாட்டோம்” என்று சொல்லிவிட்டு மூன்றாம் மாதம் அனுப்பினால், மிச்சம் இருப்பவர்கள் அடுத்த எந்த மாற்றத்துக்கும் ஒத்துழைக்க மாட்டார்கள்.

நீங்களாக சிஸ்டம் போடாவிட்டாலும் அரசாங்கத்தின் சிஸ்டம் உங்கள் நிறுவனத்தை ஏற்கனவே மாற்றிக்கொண்டிருக்கிறது. இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபர் 1-ல் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் கட்டாயமானது. படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் வந்துவிட்டது. போட்ட இன்வாய்ஸை போர்ட்டலில் ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம். “லோடு போகட்டும், பில்லை அப்புறம் திருத்திக்கலாம்” என்ற பேச்சுக்கு இடமில்லை. விலையும் எடையும் ஹெச்.எஸ்.என். கோடும் சரியா என்று பார்க்கும் பொறுப்பு அக்கவுன்ட்ஸ் அறையில் இருந்து டிஸ்பாட்ச் மேஜைக்கு வந்துவிட்டது. அங்கே இருப்பவருக்கு அதற்கான பயிற்சி கொடுத்தீர்களா?

அதேபோல், 2022 ஜனவரி 1 முதல், சப்ளையர் தன் கணக்கில் காட்டி உங்கள் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி-யில் வந்த பில்லுக்குத்தான் வரி வரவு. விலை குறைவு என்று பர்சேஸ்காரர் பிடித்த சப்ளையர் ரிட்டர்ன் தாக்கல் செய்யாதவர் என்றால், அந்த லாபம் வரியில் போய்விடும். ஆகவே யாரிடம் வாங்குவது என்பதில் அக்கவுன்டன்ட்டுக்கும் குரல் வேண்டும். பல நிறுவனங்களில் இந்த இருவரும் மாதக் கடைசியில் சண்டைக்குத்தான் சந்திக்கிறார்கள். புது சப்ளையரை சிஸ்டத்தில் சேர்க்க இருவர் ஒப்புதலும் வேண்டும் என்று வைத்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

சிறியதாகத் தோன்றும் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பொருள்களின் பெயர். ஒரே நூலை ஒருவர் ‘30 கோம்ப்டு’ என்றும், இன்னொருவர் ‘30ஸ் காம்ப்டு ஹொசைரி’ என்றும், மூன்றாமவர் மில் பெயரோடும் பதிந்தால், சிஸ்டத்துக்கு அவை மூன்று நூல்கள். கையில் இருக்கும் நூலையே மறுபடி வாங்குவீர்கள். புதுப் பெயர் திறக்கும் உரிமை ஒரே ஒருவருக்கு இருக்கட்டும். பாஸ்வேர்டும் அப்படியே, ஆளுக்கு ஒன்று. கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்களின் கணக்கு சாஃப்ட்வேரில், யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற தடம் அழியாமல் இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. அக்கவுன்டன்ட் பாஸ்வேர்டில் நாலு பேர் வேலை பார்த்தால் நாலு பேர் செய்ததற்கும் அவரே பதில் சொல்ல வேண்டிவரும்.

“எங்க வழக்கம் இதுதான், சாஃப்ட்வேரை இதற்குத் தகுந்தபடி மாற்றிக் கொடுங்கள்” என்று கேட்பதில் கவனம் தேவை. ஜெர்மனியின் லிடில் சூப்பர் மார்க்கெட் நிறுவனம் எஸ்.ஏ.பி. சாஃப்ட்வேரைத் தனக்கேற்ப அமைக்க 2011-ல் இறங்கியது. சரக்கு இருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிடுவது அதன் வழக்கம். அந்த சாஃப்ட்வேரோ விற்பனை விலையை அடிப்படையாகக் கொண்டது. லிடில் தன் வழக்கத்தை விடாததால் சாஃப்ட்வேரைத் திருத்தித் திருத்தி வேலை சிக்கலானது என்று ஜெர்மன் பத்திரிகைகள் எழுதின. ஏறக்குறைய 50 கோடி யூரோ செலவான நிலையில் 2018-ல் திட்டத்தையே கைவிட்டார்கள். உங்கள் வழக்கங்களில் எது உங்களுக்கு வியாபாரம் கொண்டுவருகிறதோ, அதற்கு மட்டும் சாஃப்ட்வேரை வளையுங்கள். மற்றவற்றில் நீங்கள் வளைந்துகொடுங்கள்.

காலமும் முக்கியம். அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 1999-ல் ஏப்ரலில் முடிய வேண்டிய புது சிஸ்டத்தை ஜூலையில், ஹாலோவீன் ஆர்டர்கள் குவியும் நேரத்தில் ஓடவிட்டது. கிடங்கில் மிட்டாய் இருந்தும் 10 கோடி டாலருக்கு மேலான ஆர்டர்களை அனுப்ப முடியாமல் போனது. ஜவுளிக்கடைக்காரர் ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் முன்னால் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. ஏப்ரல் 1-ஐப் பலரும் விரும்புவார்கள். கணக்குக்கு அது சரி. ஸ்டாக் பகுதியை அதற்குச் சில மாதம் முன்பே ஓடவிட்டுப் பழகிவிடுங்கள். நோட்டும் சிஸ்டமும் சேர்ந்து ஓடும் காலத்துக்கு ஒரு முடிவுத் தேதி வையுங்கள். அந்தத் தேதியில் நோட்டை வாங்கி பீரோவில் பூட்டிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கடினமான மாற்றம் முதலாளிக்குத்தான். “முதலாளி போன்ல சொன்னாருங்க, லோடு ஏத்திட்டோம்” என்ற ஒரு வாக்கியம் ஒரு வருட உழைப்பைக் கெடுத்துவிடும். நீங்கள் ஒருமுறை சிஸ்டத்தைத் தாண்டினால், உங்கள் தம்பி தாண்டுவார், பிறகு மேனேஜர், பிறகு எல்லோரும். அவசரத்துக்கும் ஒரு வழி சிஸ்டத்துக்குள்ளேயே இருக்கட்டும், அதை நீங்களும் பயன்படுத்துங்கள். காலையில் ஆட்களைக் கூப்பிட்டு “ஸ்டாக் என்னப்பா?” என்று கேட்பதை நிறுத்திவிட்டுத் திரையைப் பாருங்கள். தவறாக இருந்தால், யார் தவறு என்று கேட்காமல், எங்கே தவறியது என்று கேளுங்கள். உண்மையைப் பதிந்தவர் திட்டு வாங்கினால் அடுத்த நாள் யாரும் உண்மையைப் பதிய மாட்டார்கள்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். முடிந்துபோன ஓர் ஆர்டரை எடுத்து, அது வந்ததில் இருந்து பணம் கைக்கு வரும்வரை எந்தெந்த இடத்தில் யார் முடிவெடுத்தார், அப்போது அவருக்கு எந்தத் தகவல் தெரிந்திருந்தது என்று, சம்பந்தப்பட்டவர்களையே கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே, இனி அந்த முடிவை யார் எடுக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். அந்தத் தாள் தயாராகும்வரை எந்த கொட்டேஷனிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.